யூடியூப் கேட்கிறது, கியூபேஸ் கேட்கவில்லை: ஜூமில் டிராக்கை அனுப்புவது எப்படி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். திருச்சியில் விண்டோஸ் லேப்டாப், கியூபேஸ் என்ற இசை மென்பொருள், மைக்கையும் ஸ்பீக்கரையும் லேப்டாப்போடு இணைக்கும் ஒரு யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் பெட்டி வைத்துப் பாட்டுக்கு டிராக் செய்கிறீர்கள். பாடலாசிரியர் டொராண்டோவில், பாடகி கோவையில். ஜூமில் ஸ்கிரீன் ஷேர் செய்து ‘ஷேர் சவுண்ட்’ டிக் போட்டால் யூடியூப் அவர்களுக்கு நன்றாகக் கேட்கிறது, கியூபேஸில் ப்ளே அழுத்தினால் ஒன்றுமே கேட்பதில்லை. ஜூமை அழித்துவிட்டு மறுபடி நிறுவியும் பலனில்லை. நடுவில் ஒரே ஒரு நாள் கேட்டது, ஆனால் பாட்டு தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல இருந்தது, பின்னால் நீட்டி ஒலிக்கும் ஸ்ட்ரிங்ஸ் பேட் அடியோடு காணாமல் போனது என்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், பாடகி கோவையிலிருந்தே டிராக்கோடு சேர்ந்து பாட முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சத்தம் ஏன் போகவில்லை, போனபோது ஏன் அப்படிக் கெட்டுப்போனது, இரண்டு ஊர்க்காரர்கள் தாளம் தப்பாமல் சேர்ந்து பாட முடியுமா. மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு வழி. ஜூம் ஒன்றை வைத்துக்கொண்டே மூன்றையும் சாதிக்கப் பார்ப்பதால்தான் பலர் வாரக்கணக்கில் செட்டிங்ஸோடு மல்லுக்கட்டுகிறார்கள். சென்னையில் மிக்ஸிங் வேலை பார்க்கிறவன் நான். 2020க்குப் பிறகு என் வேலையில் பெரும்பகுதி, ஆள் ஒரு ஊரிலும் பாட்டு ஒரு ஊரிலுமாகத்தான் நடக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. யூடியூப் போகிறது என்றால் ஜூமில் பழுதில்லை. நெட்டிலும் பழுதில்லை. கியூபேஸ் தன் சத்தத்தை அனுப்பும் பாதை வேறு, அவ்வளவுதான். விண்டோஸில் பிரவுசர், மீடியா பிளேயர் போன்றவை தங்கள் ஒலியை விண்டோஸின் மிக்ஸரிடம் கொடுக்கின்றன. மிக்ஸர் எல்லாவற்றையும் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஜூமின் ‘ஷேர் சவுண்ட்’ அந்த மிக்ஸரிலிருந்துதான் ஒலியை எடுக்கிறது. கியூபேஸ் பேசுவதோ ஏசியோ (ASIO) என்ற வகை டிரைவரோடு. கியூபேஸைச் செய்யும் ஸ்டைன்பெர்க் கம்பெனியே 1990களில் இதை உருவாக்கியது. விண்டோஸ் மிக்ஸர் வழியாகப் போனால் தாமதம் அதிகம், கீபோர்டில் கை வைத்த பிறகு சத்தம் வர நேரமாகும் என்பதால், மிக்ஸரைத் தொடாமல் நேராக இன்டர்ஃபேஸுக்குப் போவதற்கென்றே போட்ட குறுக்குவழி அது. குறுக்குவழியில் போகிற ஒலியை மிக்ஸரிடம் காத்திருக்கும் ஜூம் பார்க்கவே முடியாது.

இங்கே எல்லோரையும் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. உங்கள் ஹெட்ஃபோனில் யூடியூபும் கேட்கும், கியூபேஸும் கேட்கும், இரண்டும் ஒரே நேரத்தில் கூடக் கேட்கும். அதனால் இரண்டும் ஒரே இடத்தில் சேர்கின்றன என்றுதான் தோன்றும். சேர்வது உண்மை, ஆனால் சேரும் இடம் விண்டோஸ் மிக்ஸர் அல்ல, அதைத் தாண்டிய இன்டர்ஃபேஸின் டிரைவர் அல்லது பெட்டி. அது ஜூமுக்கு எட்டாத இடம். ஜூமை எத்தனை முறை நிறுவினாலும் இது மாறாது.

அப்படியானால் அந்த ஒருநாள் எப்படிக் கேட்டது? இங்கே நான் சொல்வது ஊகம், ஆனால் நீங்களே அரை நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். அன்று ஹெட்ஃபோன் போடாமல் மானிட்டர் ஸ்பீக்கரைத் திறந்து வைத்திருந்தீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்பீக்கரில் ஓடிய பாட்டை லேப்டாப் மைக் பிடித்து, பேச்சுக் குரலாக நினைத்து அனுப்பியிருக்கும். ஜூமில் மைக்கை மியூட் செய்துவிட்டு மறுபடி ப்ளே அழுத்துங்கள். எதிர்முனையில் பாட்டு சட்டென்று நின்றால் அது மைக் வழியாகத்தான் போயிருக்கிறது. தண்ணீருக்கு அடியில் கேட்ட சத்தத்துக்கும், காணாமல் போன பேடுக்கும் காரணம் அதுவே. அதைப் பிறகு விளக்குகிறேன்.

இப்போது சத்தத்தைப் போக வைப்போம். காசில்லாமல், புதிதாக எதையும் நிறுவாமல் செய்யக்கூடியது முதலில். கியூபேஸில் ‘ஸ்டுடியோ செட்டப்’ திறந்து, ஆடியோ சிஸ்டம் பகுதியில் ஏசியோ டிரைவர் பட்டியலைப் பாருங்கள். உங்கள் இன்டர்ஃபேஸின் டிரைவரோடு, ஸ்டைன்பெர்க்கின் ‘ஜெனரிக் லோ லேட்டன்சி ஏசியோ டிரைவர்’ என்ற ஒன்றும் இருக்கும். அண்மைப் பதிப்புகளில் ‘ஸ்டைன்பெர்க் பில்ட்-இன் ஏசியோ டிரைவர்’ என்ற பெயரில் இருக்கலாம். பெயரில் ஏசியோ இருந்தாலும் இது உள்ளுக்குள் விண்டோஸின் ஒலிப் பாதையில்தான் போகிறது. இதைத் தேர்ந்தெடுத்து, அதன் கண்ட்ரோல் பேனலில் சாதனத்தைக் கியூபேஸ் தனக்கு மட்டும் என்று பிடித்து வைத்துக்கொள்ள அனுமதிக்கும் ‘எக்ஸ்க்ளூசிவ்’ டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு மூன்று இடங்களில் ஒரே சாதனம் இருக்கிறதா என்று பாருங்கள்: விண்டோஸின் டீஃபால்ட் அவுட்புட், ஜூமின் ஸ்பீக்கர், இந்த டிரைவரின் அவுட்புட். மூன்றும் உங்கள் இன்டர்ஃபேஸாகவே இருக்கட்டும். இப்போது ‘ஷேர் சவுண்ட்’ போட்டால் கியூபேஸ் கேட்க வேண்டும். தாமதம் கூடும், கீபோர்டு வாசிக்கச் சரிப்படாது. ஆனால் ஓடுகிற பாட்டைப் போட்டுக் காட்டும்போது தாமதத்தால் என்ன நஷ்டம்? செஷன் முடிந்ததும் பழைய டிரைவருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு ‘எஃப்எல் ஸ்டுடியோ ஏசியோ’ இதே வேலையைச் செய்யும். ஆனால் பலரும் பழக்கத்தில் போட்டுக்கொள்ளும் ஏசியோ4ஆல் என்ற டிரைவர் இதற்கு நேர்மாறு. அது சாதனத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அடுத்த மென்பொருளுக்கு விடாது.

அதே செட்டப் பக்கத்தில் ‘ரிலீஸ் டிரைவர் வென் அப்ளிகேஷன் இஸ் இன் பேக்கிரவுண்ட்’ என்று ஒரு டிக் இருக்கும். அது போட்டிருந்தால், ஜூம் ஜன்னலில் நீங்கள் கிளிக் செய்த நொடியே கியூபேஸ் டிரைவரை விட்டுவிட்டு ஊமையாகிவிடும். பாட்டு ஓடும்போது சாட்டில் பதில் எழுதப் போனால் நின்றுபோகிறது, திரும்பி வந்தால் ஓடுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் இது.

உங்கள் இன்டர்ஃபேஸின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. அதில் லூப்பேக் வசதி இருந்தால் இன்னும் சுத்தமான வழி உண்டு. லூப்பேக் என்பது இன்டர்ஃபேஸுக்குள் வெளியே போகிற ஒலியை, கேபிள் எதுவும் இல்லாமல், மறுபடி உள்ளே வருகிற ஒலியாகக் கம்ப்யூட்டருக்குக் காட்டுவது. மோட்டு எம்2, ஸ்டைன்பெர்க் யூஆர்22 எம்கே2, யமஹா ஏஜி03 போன்றவற்றில் இது உண்டு. ஏஜி03இல் பெட்டியின் மேலேயே ‘டு பிசி’ என்ற சுவிட்ச் இருக்கிறது, அதை லூப்பேக்கில் தள்ளினால் போதும். பிறகு ஜூமில் ஷேர் சவுண்டே வேண்டாம், மைக் என்ற இடத்தில் லூப்பேக் இன்புட்டைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் குரலும் கியூபேஸும் சேர்ந்து போகும். கியூபேஸ் தன் சொந்த ஏசியோ டிரைவரிலேயே இருக்கலாம் என்பது இதன் பெரிய லாபம்.

ஆனால் லூப்பேக்கில் எல்லோரும் விழுகிற ஒரு குழி இருக்கிறது. இன்டர்ஃபேஸ் வழியே வெளியே போவது பாட்டு மட்டுமல்ல, ஜூமில் பேசும் டொராண்டோக்காரரின் குரலும் அங்கேதான் வருகிறது. அதுவும் லூப்பேக்கில் ஏறி அவருக்கே திரும்பிப் போகும். ‘சரணத்துல ரெண்டாவது வரி’ என்று அவர் சொல்வார், அரை நொடி கழித்து அவர் குரலே அவருக்கு ‘சரணத்துல ரெண்டாவது வரி’ என்று திரும்பக் கேட்கும். அந்த நிலையில் எவராலும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது. ரேடியோக்காரர்கள் இதற்கு ‘மிக்ஸ் மைனஸ்’ என்பார்கள்: ஒருவருக்கு அனுப்பும் கலவையில் அவருடைய குரல் மட்டும் இருக்கக் கூடாது. வீட்டில் இதைச் செய்ய எளிய வழி, ஜூமின் ஸ்பீக்கரை இன்டர்ஃபேஸிலிருந்து பிரித்து லேப்டாப்பின் சொந்த ஹெட்ஃபோன் துளைக்கு மாற்றுவது. லேப்டாப்பில் செருகிய சாதாரண இயர்ஃபோனின் ஒரு மொட்டு இடது காதில், அதற்கு மேலே ஸ்டுடியோ ஹெட்ஃபோன் வலது காதை மட்டும் மூடியபடி. பார்க்கக் கொஞ்சம் கோமாளித்தனமாக இருக்கும், வீடியோவை அணைத்துக்கொள்ளுங்கள். பேச்சு ஒரு காதில், பாட்டு ஒரு காதில். நான் இன்றும் பல செஷன்களை இப்படித்தான் ஓட்டுகிறேன்.

லூப்பேக் இல்லாத இன்டர்ஃபேஸ் என்றால், கம்ப்யூட்டருக்குள்ளேயே மிக்ஸர் போல வேலை செய்யும் மென்பொருளான விபி-ஆடியோவின் வாய்ஸ்மீட்டர் பனானா. சும்மா வாய்ஸ்மீட்டரில் மென்பொருள்களுக்கான இன்புட் ஒன்றுதான், பனானாவில் இரண்டு. நமக்கு இரண்டு வேண்டும், ஒன்று கியூபேஸுக்கு, ஒன்று ஜூமுக்கு. கியூபேஸில் டிரைவராக ‘வாய்ஸ்மீட்டர் விர்ச்சுவல் ஏசியோ’, வாய்ஸ்மீட்டரில் ஏ1 என்ற இடத்தில் உங்கள் இன்டர்ஃபேஸ், ஜூமின் ஸ்பீக்கராக வாய்ஸ்மீட்டரின் இரண்டாவது இன்புட்டான ஆக்ஸ், ஜூமின் மைக்காக பி1 அவுட்புட். கியூபேஸ் வரும் ஸ்ட்ரிப்பில் (திரையில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் உள்ள பத்தி) ஏ1, பி1 இரண்டு பட்டன்களும் எரிய வேண்டும். உங்கள் மைக் வரும் ஸ்ட்ரிப்பில் பி1 மட்டும். ஜூம் வரும் ஸ்ட்ரிப்பில் ஏ1 மட்டும், பி1 அணைந்திருக்க வேண்டும். அந்த ஒரு பி1 பட்டன்தான் மேலே சொன்ன மிக்ஸ் மைனஸ். திரை முழுக்கப் பட்டன்களைப் பார்த்துப் பயந்து பலர் ஓடிவிடுகிறார்கள், இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி தானாகப் பிடிபடும். ஆனாலும் என் கருத்தைக் கேட்டால், ஜெனரிக் டிரைவரில் வேலை முடிந்தால் வாய்ஸ்மீட்டர் பக்கம் போகாதீர்கள். நடுவில் ஒரு மென்பொருள் கூடினால் மக்கர் செய்ய ஒரு இடம் கூடுகிறது.

மேக் வைத்திருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக. அங்கே ஏசியோ கிடையாது, கோர் ஆடியோ ஒன்றுதான், ஆனால் லாஜிக்கோ ஏபிள்டனோ சிஸ்டத்தின் டீஃபால்ட்டை விட்டுவிட்டு நேராக இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்திருந்தால் இதே கதைதான். அவுட்புட்டை சிஸ்டம் டீஃபால்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் ஒரு மென்பொருளின் ஒலியை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் இலவசமான பிளாக்ஹோலை நிறுவி, ‘ஆடியோ மிடி செட்டப்’பில் இன்டர்ஃபேஸும் பிளாக்ஹோலும் சேர்ந்த ஒரு ‘மல்டி-அவுட்புட் டிவைஸ்’ உருவாக்கி, இசை மென்பொருளின் அவுட்புட்டை அதற்கு மாற்றி, பிளாக்ஹோலை ஜூமின் மைக்காகக் கொடுக்கலாம். அதில் பிளாக்ஹோல் பக்கத்தில் ‘டிரிஃப்ட் கரெக்‌ஷன்’ டிக்கை மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் கழித்து சொடுக்குச் சத்தம் வர ஆரம்பிக்கும். ஜூமின் மைக் பிளாக்ஹோலாகிவிட்டால் உங்கள் குரல் போகாது என்பதையும் நினைவில் வையுங்கள், பேசுவதற்குப் போனில் இன்னொரு முறை அதே மீட்டிங்கில் சேர்ந்துகொள்வதுதான் எளிது.

சரி, இரண்டாவது கேள்வி, தரம். காணாமல் போன ஸ்ட்ரிங்ஸ் பேடுக்கு வருவோம். மீட்டிங் மென்பொருள்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மைக் வழியாக வரும் ஒலியில், மாறாமல் ஒரே சீராக ஓடுகிற எதுவும் அவற்றுக்கு இரைச்சல். ஃபேன், ஏசி, அடுத்த வீட்டு மோட்டார் எல்லாம் அப்படித்தான் ஓடும். பேடும் அப்படித்தான் ஓடும். ஆன்லைனில் பாட்டு வகுப்பு எடுக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், தம்புரா ஆப்பைப் போட்டுவிட்டுப் பாட ஆரம்பிப்பார்கள், முதல் இரண்டு நொடி சுருதி கேட்கும், பிறகு மெல்லக் கரைந்து மறைந்துவிடும், மாணவி சுருதியே இல்லாமல் பாடிக்கொண்டிருப்பாள். ஆசிரியர் பக்கம் தம்புரா ஓடிக்கொண்டேதான் இருக்கும். இரைச்சலை நீக்கும் நாய்ஸ் சப்ரஷன் அதை ஃபேன் என்று முடிவு செய்துவிட்டது. ரிவெர்பின் வால், மெல்ல இறங்கும் சிம்பல் எல்லாம் இதே விதியால் வெட்டுப்படும். இதோடு எதிரொலியை நீக்கும் எக்கோ கேன்சலேஷன் வேறு. எதிர்முனைக்காரர் லேசாக இருமினால்கூட, உங்கள் பக்கத்து ஒலியைச் சட்டென்று அமுக்கும். தண்ணீருக்கு அடியில் போவது போன்ற உணர்வு இந்த இரண்டும் சேர்ந்து வருவது.

மைக் வழியாக, அதாவது லூப்பேக் அல்லது வாய்ஸ்மீட்டர் வழியாகப் பாட்டை அனுப்பினால், ஜூமின் ஆடியோ செட்டிங்ஸில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ இயக்க வேண்டும். அதற்குள்ளே ‘ஹை-ஃபிடெலிட்டி மியூசிக் மோட்’, ‘ஸ்டீரியோ ஆடியோ’ இரண்டுக்கும் டிக். ஹெட்ஃபோன் போட்டிருந்தால் எக்கோ கேன்சலேஷன் டிக்கை எடுத்துவிடலாம், ஸ்பீக்கரில் கேட்பதாக இருந்தால் எடுக்க வேண்டாம். இதைச் செட்டிங்ஸில் போட்டால் மட்டும் போதாது, மீட்டிங் திரையில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ ஆன் என்று காட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஷேர் சவுண்ட் வழி என்றால் நாய்ஸ் சப்ரஷன் தொல்லை இல்லை, ஆனால் அது சும்மா விட்டால் மோனோவில் போகக்கூடும். ஷேர் பட்டன் பக்கத்திலேயே சின்ன அம்புக்குறி இருக்கும், அதில் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். திரையைக் காட்டத் தேவையில்லை என்றால் ஷேர் மெனுவின் அட்வான்ஸ்டு பகுதியில் கம்ப்யூட்டர் ஆடியோவை மட்டும் அனுப்பும் வழியும் உண்டு. படம் போகாததால் நெட் சுமை குறையும். இந்தப் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறும், மெனுவில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கலாம்.

ஹை-ஃபிடெலிட்டி மோடில் ஜூம் கொடுப்பது 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது), மோனோவுக்கு நொடிக்கு 96 கிலோபிட், ஸ்டீரியோவுக்கு 192 கிலோபிட். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ வேவ் ஃபைல் நொடிக்கு 2,304 கிலோபிட். அதாவது பன்னிரண்டில் ஒரு பங்குதான் போகிறது. பாட்டின் அமைப்பு, வரி, மெட்டு, எந்த இடத்தில் நாதஸ்வரம் வர வேண்டும் என்பதையெல்லாம் பேச இது தாராளம். ஹை-ஹேட் கூர்மையாக இருக்கிறதா, குரலில் ‘ச’ குத்துகிறதா என்று முடிவெடுக்க இதை நம்பாதீர்கள். நெட் கொஞ்சம் தடுமாறினாலும் முதலில் அடிபடுவது அந்த மேல் ஸ்தாயிதான். பாடலாசிரியர் ‘வயலின் கொஞ்சம் மங்கலா இருக்கே’ என்றால், உடனே ஈக்யூவில் கை வைக்காதீர்கள். வேவ் ஃபைலை அனுப்பி, அதைக் கேட்டுவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நாலு நிமிடப் பாட்டு சுமார் 69 எம்பி வரும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் ஆடியோவாக அல்ல, டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

கேட்கிறவர் பக்கத்திலும் பாதிக் குற்றம் இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. அவர் ப்ளூடூத் ஹெட்செட் மாட்டியிருந்தால், மைக்கும் அதிலேயே இருந்தால், பாட்டுக் கேட்கும் மோடிலிருந்து அது போன் பேசும் மோடுக்கு இறங்கிவிடும். பெரும்பாலான ஹெட்செட்களில் அந்த மோட் மோனோ, 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட், பழையது என்றால் 8. நீங்கள் இங்கே என்ன தவம் செய்தாலும் அங்கே டெலிபோன்தான். அவரை ஒயர் ஹெட்ஃபோனுக்கு மாறச் சொல்லுங்கள், அல்லது மைக்கை மட்டுமாவது லேப்டாப் மைக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். பல செஷன்களில் நான் செய்த ஒரே ரிப்பேர் இதுதான்.

உங்கள் பக்கத்திலும் இதுபோல ஒளிந்திருக்கும் இரண்டு உண்டு. விண்டோஸின் பழைய சவுண்ட் கண்ட்ரோல் பேனலில் ‘கம்யூனிகேஷன்ஸ்’ என்று ஒரு டேப் இருக்கும். அதில், அழைப்பு ஓடும்போது மற்ற சத்தங்களை 80% குறை என்பதுதான் விண்டோஸ் தானாகப் போட்டு வைத்திருப்பது. பாட்டு போகிறது, ஆனால் கிணற்றுக்குள் போல மெல்லிசாகப் போகிறது என்றால் அங்கே ‘டூ நத்திங்’ என்று மாற்றுங்கள். இன்னொன்று சாம்பிள் ரேட். கியூபேஸ் பிராஜெக்ட் 44.1, விண்டோஸில் சாதனம் 48 என்று இருந்தால் சில டிரைவர்கள் சமாளித்துக்கொள்ளும், சிலது சொடுக்கும், சிலது ஊமையாகும். அபூர்வமாக, 44.1இல் இருக்கும் பாட்டு 48இல் ஓடிவிடும். வேகமும் கூடும், சுருதி சுமார் ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். பாடகி ‘நேத்து சொன்ன சுருதி இது இல்லையே’ என்றால் அவரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். எல்லா இடத்திலும் 48 வைத்துக்கொள்வது நிம்மதி.

தரம் உண்மையிலேயே முக்கியம் என்ற கட்டத்தில், மிக்ஸ் ஒப்புதல் போன்ற வேலைகளுக்கு, நான் ஜூமைப் பேசுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு பாட்டை வேறு குழாயில் அனுப்புகிறேன். ஆடியோமூவர்ஸின் லிசன்டூ என்ற பிளகின் (கியூபேஸுக்குள் ஓடும் துணை மென்பொருள்) அதற்கென்றே வந்தது. 2021இல் லண்டனின் அபே ரோடு ஸ்டுடியோஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. மாஸ்டரில் பிளகினைப் போட்டால் ஒரு லிங்க் கிடைக்கும், எதிர்முனைக்காரர் பிரவுசரில் அதைத் திறந்தால் பாட்டு கேட்கும், அவர் எதையும் நிறுவ வேண்டாம். ஒலியைக் கியூபேஸுக்குள்ளிருந்தே எடுப்பதால் ஏசியோ, மிக்ஸர், லூப்பேக் பஞ்சாயத்து எதுவுமே கிடையாது. சந்தா கட்ட வேண்டும் என்பதுதான் குறை. காசு வேண்டாம் என்றால் சோனோபஸ், இலவசம், இதுவும் பிளகினாக ஓடும், ஆனால் இரண்டு பக்கமும் நிறுவ வேண்டும். கியூபேஸ் ப்ரோ என்றால் இந்தப் பிளகினைக் கண்ட்ரோல் ரூமின் இன்ஸெர்ட்டில் போடுங்கள், எக்ஸ்போர்ட்டில் கலக்காது. இந்த ஏற்பாட்டில் பாட்டு ஒரு குழாய், பேச்சு ஒரு குழாய் என்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. ‘இங்க நிறுத்துங்க’ என்று அவர் சொல்லும்போது உங்கள் பக்கம் பாட்டு ஒரு பார் தாண்டியிருக்கும். பிராஜெக்டில் மார்க்கர் போட்டு, பல்லவி, அனுபல்லவி, பிஜிஎம் 2 என்று பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லிப் பேசப் பழகிக்கொள்வது நல்லது.

இனி மூன்றாவது, பாடகி டிராக்கோடு சேர்ந்து பாடுவது. ஜூமில் முடியாது. இதில் சந்தேகமே இல்லை, எந்த செட்டிங்ஸும் உதவாது. காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். பத்து மீட்டர் இடைவெளியில் இருவர் வாசித்தால் கிட்டத்தட்ட 30 மில்லிசெகண்ட், அதற்கு மேல் போனால் தாளம் இழுக்க ஆரம்பிக்கும் என்பதுதான் இசைக்கலைஞர்களை வைத்துச் செய்த ஆய்வுகளும் காட்டுவது. டெலிபோன் பேச்சுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் பரிந்துரை. பேச்சுக்கு அது போதும், இசைக்குப் போதாது. 120 டெம்போவில் ஒரு சிக்ஸ்டீன்த் நோட்டே (ஒரு அடியில் கால் பங்கு) 125 மில்லிசெகண்ட்தான். ஒரு முழு சிக்ஸ்டீன்த் தள்ளி வரும் பாடகியோடு எப்படிச் சேர்வது? டொராண்டோ என்றால் இயற்பியலே ஒத்துழைக்காது. தூரம் சுமார் 13,500 கிலோமீட்டர், கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர், ஆகவே நேர்கோட்டில் கேபிள் இருந்தால்கூட ஒரு வழிக்குச் சுமார் 68 மில்லிசெகண்ட். கோவை அப்படியில்லை, திருச்சியிலிருந்து கேபிள் தூரத்துக்கு ஓரிரு மில்லிசெகண்ட்தான். மீதித் தாமதம் முழுக்க வைஃபை, பஃபர், ஒலிச்சுருக்கம். இரண்டு பக்கமும் லேன் கேபிள், நல்ல இன்டர்ஃபேஸ், சோனோபஸ் அல்லது ஜாமுலஸ் வைத்தால் சேர்ந்து வாசிக்கும் எல்லைக்குக் கிட்டே வரலாம். ஆனால் இரு வீட்டு நெட்டும் எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டி யாராலும் உறுதி சொல்ல முடியாது. ரிகர்சலுக்கு முயன்று பாருங்கள், ரெக்கார்டிங்குக்கு இதை நம்பி நாள் குறிக்காதீர்கள்.

ரெக்கார்டிங்குக்கு வேறு வழி இருக்கிறது, எளிதானது. டிராக் எங்கே ஓடுகிறதோ அங்கேதான் பாட வேண்டும். நீங்கள் திருச்சியில் ப்ளே அழுத்தி அவர் கோவையில் பாடினால், டிராக் அங்கே போவதில் ஒரு தாமதம், குரல் இங்கே வருவதில் ஒரு தாமதம், இரண்டும் கூடும். அதற்குப் பதில் மைனஸ் டிராக்கை (குரல் இல்லாத டிராக்) முன்கூட்டியே அவருக்கு அனுப்பி, அவர் தன் கம்ப்யூட்டரில் அதை ஓட்டிப் பாடி, அங்கேயே ரெக்கார்ட் செய்யட்டும். அவர் கேட்கும் டிராக்கும் அவர் குரலும் கலந்த ஒலி உங்களுக்கு வரட்டும். அது உங்களிடம் தாமதமாக வந்தாலும், டிராக்கும் குரலும் சேர்ந்தேதான் தாமதமாகின்றன, ஆகவே தாளம் பிசகாது. நீங்கள் கேட்டுக்கொண்டே ‘அந்த கமகத்தைக் கொஞ்சம் தளர்த்துங்க, இன்னொரு டேக்’ என்று சொல்லலாம். ஜூமில் வரும் ஒலி கேட்டு வழிநடத்த மட்டும், கியூபேஸில் ஏறுவது அவர் பிறகு அனுப்பும் வேவ் ஃபைல். அவருக்கு அனுப்பும் டிராக் பிராஜெக்டின் முதல் பாரிலிருந்தே தொடங்கட்டும், அவரும் ஃபைலின் ஆரம்பத்திலிருந்தே வெட்டாமல் அனுப்பட்டும், அப்போது கொண்டுவந்து போட்டால் தானாகப் பொருந்தும். ஸ்டைன்பெர்க்கே இந்த வேலைக்கு விஎஸ்டி கனெக்ட் என்று ஒன்று வைத்திருக்கிறது, பாடுகிறவர் பக்கத்து மென்பொருள் இலவசம், டேக்கை டைம்லைனில் சரியான இடத்தில் அதுவே வைத்துவிடும். பாடகிக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் உண்டென்றால் முயலலாம். இல்லையென்றால் மைனஸ் டிராக் முறையே சிக்கலில்லாதது.

முதலில் ஜெனரிக் டிரைவர், எக்ஸ்க்ளூசிவ் டிக், மூன்று இடத்திலும் ஒரே சாதனம், இந்த வரிசையில் இன்றைக்கே ஒரு சோதனை மீட்டிங் போட்டுப் பாருங்கள். ஆள் வேண்டாம், உங்கள் போனையே வேறு அறையில் வைத்து இரண்டாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம், போனின் மைக்கை மட்டும் மியூட் செய்யுங்கள். வரவில்லை என்றால் மறுபடி எழுதும்போது இன்டர்ஃபேஸின் மாடல், கியூபேஸ் பதிப்பு, செட்டப் பக்கத்தில் அப்போது காட்டும் டிரைவரின் பெயர், பிராஜெக்டின் சாம்பிள் ரேட் ஆகியவற்றைச் சேர்த்து எழுதுங்கள். மைக்கை மியூட் செய்த சோதனையில் என்ன நடந்தது என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள், அது தெரியாமல் மேற்கொண்டு நான் சொல்வதெல்லாம் குத்துமதிப்பாகத்தான் இருக்கும்.